அடியில் ஒரே தண்ணீர்

ஜூன் 9

ஏழாவது மாடியில் இருக்கும் தங்கச்சிக்கு அக்கா எழுதுவது.

நீ நலமாக இருப்பதாக உங்கள் தண்ணீர் லாரியை ஓட்டும் ஹாரன் சொன்னார். என் நலத்தையும் அவரிடமே கேட்டுக்கொள், இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவதும் அவர்தான். போனில் பேசலாம்தான். நான் வாயைத் திறப்பதற்குள் "அக்கா, கீழே ஆள் வந்திருக்கு, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த ஆள் மூன்று வாரமாகக் கீழேயே நிற்கிறார் போலிருக்கிறது. பாவம், மேலே கூப்பிட்டு உட்காரச் சொல். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது, பிரித்தால் படித்துத்தான் ஆகவேண்டும். என் எழுத்து கோணலாக இருக்கும். அப்பா என்னை ஐந்தாம் வகுப்போடு சலவைத் தொட்டியில் இறக்கிவிட்டார், உன்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். படித்தவள் நீ, நிமிர்த்திப் படித்துக்கொள்.

உன் அனுதாபக் கடிதம் வந்தது. கெட்டி அட்டை, மூலையில் பூ. "அத்தான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்" என்று எழுதியிருக்கிறாய். அவர் செத்ததைப் பற்றி உனக்குச் சொல்லத் தோன்றியது அது ஒன்றுதான்.

அவசரம் அவருக்கு இல்லை. மருத்துவமனைக்குத்தான் இருந்தது. நோயாளிகள் படுத்த விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து கடை வாசலில் கிடந்தன. தோய்க்கத் தண்ணீர் இல்லை. அப்பா காலத்திலிருந்து கோடையிலும் ஆள் மூழ்கத் தண்ணீர் நின்ற கிணறு, இந்த வருஷம் வாளி இறக்கினால் சேறு வந்தது. அடியில் சேற்றை வாரி இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஊறும் என்று அவர் இறங்கினார். கயிற்றை ஆட்டினால் நான் வாளியைத் தூக்கவேண்டும் என்பது ஏற்பாடு. கயிறு ஆடவில்லை. சேறு கெட்டியாக இருக்கிறது, மெல்ல வெட்டுகிறார் என்று நினைத்து நான் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தேன். அடியில் காற்று கெட்டுப்போயிருந்ததாம். பிறகு வந்தவர்கள் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது.

நீயும் வந்தாய். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே அழுதாய். கண்ணாடிக்கு உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. வீடு நிறைய ஆள், கை கழுவத் தண்ணீர் இல்லை என்று கேள்விப்பட்டு மாப்பிள்ளை ஒரு லாரித் தண்ணீர் அனுப்பிவைத்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் செத்தவரை மறந்துவிட்டு அவரைத்தான் பேசினார்கள். "என்ன மனசுய்யா அந்த மனுஷனுக்கு" என்றார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? எங்கள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அப்பா உனக்குப் பிரித்துக் கொடுத்த பாதியிலிருந்து, அங்கே மாப்பிள்ளை இறக்கிய ஆழ்துளைப் போரிலிருந்து. கிணற்றுக்குள்ளிருந்து அதை உறிஞ்சி, லாரியில் ஏற்றி, தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கினார்கள். உன் அத்தானைக் கடைசியாகக் குளிப்பாட்டியது எங்கள் கிணற்றுத் தண்ணீரில்தான். அதற்கு நான் மாப்பிள்ளைக்கு நன்றி வேறு சொன்னேன்.

எனக்கு இரண்டு வேண்டும். ஒன்று, காலையிலிருந்து மாலைவரை ஓடும் அந்த மோட்டாரைக் குறைக்கச் சொல். கிணற்றில் தண்ணீர் நின்றால்தான் எனக்குக் கடை, கடை இருந்தால்தான் சாப்பாடு. இரண்டு, "எங்கள் போர்தான் உன் கிணற்றை வற்றவைத்தது, அதனால்தான் அத்தான் இறங்கினார்" என்று உன் கையால் ஒரு வரி எழுது. பூப்போட்ட அட்டை வேண்டாம். கிழித்த தாளில் எழுதினால் போதும்.

உன் அக்கா

*

ஜூன் 20

என் அன்பான அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ இருக்கும் நிலையில் யார் மேலாவது கோபப்படத் தோன்றும். அது என் மேல் என்றால் இருக்கட்டும், நான் தாங்கிக்கொள்வேன். கூடப் பிறந்தவள் வேறு எதற்கு?

ஆனால் தவறாக நினைத்துக்கொண்டு மனதைப் புண்ணாக்கிக்கொள்ளாதே. இவரிடம் பொறுமையாகக் கேட்டேன். கிணறு வேறு, போர் வேறு என்கிறார். உன் கிணறு மேல்தண்ணீர், எங்கள் போர் பாறைக்கு அடியில் எங்கேயோ இருக்கும் தண்ணீர், இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாதாம். "எட்டாவது மாடிக்காரன் குழாயைத் திறந்தா நம்ம குழாய் நின்னுடுதா?" என்று கேட்டார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. மழை சரியாக இல்லை அக்கா, ஊர் முழுக்கக் கிணறுகள் இப்படித்தான். எங்கள் குடியிருப்பில் போட்ட போரே வற்றிப்போய்த்தான் இவர் அனுப்பும் லாரித் தண்ணீரை நம்பியிருக்கிறோம். அதற்கு நாங்கள் யாரைக் குற்றம் சொல்வது?

இவர் உனக்காக ஒரு ஏற்பாடு யோசித்திருக்கிறார். கிணற்றின் மேல் கான்கிரீட் பலகை போட்டு மூடிவிடலாம். தினம் அது உன் கண்ணில் படுவதால்தானே இந்த நினைவெல்லாம்? மேலே பூந்தொட்டி வைத்துக்கொள். வாரம் ஒருமுறை ஹாரனிடம் லாரியில் தண்ணீர் கொடுத்தனுப்புகிறோம். கடையையும் இனி எதற்கு இழுத்துக்கொண்டிருக்கவேண்டும்? இங்கே வந்து எங்களோடு இரு. பிள்ளைகளும் பெரியம்மா பெரியம்மா என்று இருப்பார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் தங்கை

*

ஜூலை 14

தாங்கிக்கொள்ளும் தங்கச்சிக்கு,

பூந்தொட்டி வைக்கச் சொன்னாய். அதற்கு ஊற்றத் தண்ணீர் எங்கே என்று மாப்பிள்ளை யோசிக்கவில்லையா? எல்லாம் யோசிப்பவராயிற்றே.

நிலத்தடி நீர் அலுவலகத்தில் ஒரு கூட்டம் என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். போனேன். மாடியில் குளிர் அறை. மேடையில் இருந்த பெரிய மனிதர்கள் ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில். ஒவ்வொருவராக எழுந்து, ஒரு மடக்குக் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தண்ணீரைச் சேமிக்கவேண்டும் என்றார்கள். பேசி முடித்ததும் முக்கால் பாட்டிலை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார்கள். பக்கத்தில் இருந்த ஆள் கை தட்டினார். எதுக்குத் தட்டறீங்க என்று கேட்டேன். "முடிச்சிட்டாருல்ல" என்றார்.

டீ வந்ததும் கூட்டம் கலைந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் விஷயம் தெரிந்த ஒரு அம்மாளைப் பேசவிட்டார்கள். அந்த அலுவலகத்து அதிகாரி, கல்லும் மண்ணும் படித்தவராம். காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாதி பேசிவிட்டு, "மிச்சம் உங்களுக்கு மட்டும் சொல்றேன்மா, இங்க வாங்க" என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டினார். எனக்குப் புரிந்ததை உனக்கும் மாப்பிள்ளைக்கும் சொல்கிறேன். கல்லூரிக்குப் போனவளுக்கு நான் சொல்லவேண்டியிருக்கிறது.

தரைக்கு அடியில் ஏரி மாதிரி தண்ணீர் நிற்பதில்லை. மண்ணிலும் உடைந்த கல்லிலும் ஈரமாகத்தான் இருக்கிறது. நம் கடைக்கு வருமே கெட்டிக் கம்பளி, அதைத் தோய்த்தால் எப்படி இருக்கும், அப்படி. அதற்குக் கீழே பாறை. பாறையிலும் வெடிப்புகள் உண்டு. மேலே இருக்கும் ஈரம் அந்த வெடிப்பு வழியாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். ஈரக் கம்பளியை ஒரு மூலையைப் பிடித்துத் தொங்கவிட்டால் எல்லாத் தண்ணீரும் கீழ் மூலைக்கு வந்துதானே சொட்டும்? மாப்பிள்ளை கம்பளியின் கீழ் மூலையில் குழாயைப் போட்டுவிட்டு, மேல் மூலைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்கிறார். போர் ஓட ஓட அதைச் சுற்றி நீர்மட்டம் புனல் மாதிரிக் குழிந்துபோகுமாம். அந்தக் குழிக்குள் இருக்கும் கிணறுகள்தான் முதலில் வற்றுமாம். "பக்கத்துல எவ்வளவு தூரத்துல போர்?" என்று கேட்டார். ஒரு சுவர் தூரம் என்றேன். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இன்னொன்றும் கேட்டார். "மழைத் தண்ணி மண்ணுக்குள்ள போறதுக்கு இடம் எங்கேம்மா விட்டிருக்கீங்க?" உன் பாதி நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று நினைவிருக்கிறதா? துணி காயப்போடும் மைதானம். வெறும் மண். எத்தனை மழை பெய்தாலும் அடுத்த நாள் காலில் சேறு ஒட்டாது, அவ்வளவும் குடித்துவிடும். அதுதான் கிணற்றுக்குள் வந்து ஊறியது. லாரி டயர் அழுந்துகிறது என்று அதை மூலைவரை சிமெண்ட் போட்டு மூடினார் மாப்பிள்ளை. உறிஞ்சுவதற்கு ஆழமாகத் துளை, உள்ளே போவதற்கு ஊசி நுழைய வழி இல்லை. போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் அரிசிப் பானையிலும் ஒன்றும் இருக்காது. மழை இல்லை என்று எழுதினாயே, பெய்த மழையை எங்கே விட்டீர்கள்? சாக்கடையில்.

எட்டாவது மாடிக் குழாயைப் பற்றி மாப்பிள்ளை கேட்டதற்கும் பதில் இருக்கிறது. உங்கள் எல்லாக் குழாய்களுக்கும் மொட்டைமாடியில் ஒரே தொட்டி. அது காலியானால் எட்டாவது மாடியும் கிடையாது, ஏழாவதும் கிடையாது. அதில் குடியிருந்துகொண்டு இது தெரியவில்லை என்றால் நான் என்ன சொல்ல?

வழி இருக்கிறது என்கிறார் அந்த அம்மாள். உங்கள் லாரிக் கொட்டகையின் கூரை நீளமான தகரம். அதில் விழும் மழையைக் குழாய் வைத்து இறக்கவேண்டும். முதல் மழையை வெளியே விட்டுவிடவேண்டும், கூரை அழுக்கெல்லாம் அதில்தான் வரும். பிறகு வருவதை ஒரு குழியில் தேக்கிச் சேறு படியவிட்டு, அடுத்த குழியில் ஜல்லி, மணல் வழியாக வடியவிட்டு, அதற்குப் பிறகே என் கிணற்றுக்குள் விடவேண்டும். தரையில் ஓடும் தண்ணீரை மட்டும் விடவே கூடாது, லாரி நிற்கும் இடம், எண்ணெய் என்று இரண்டு தடவை சொன்னார். சிமெண்டைப் பாதியாவது பெயர்த்து மண்ணைத் திறந்துவிடவேண்டும். மோட்டாரைக் குறைக்கவேண்டும், அது குறையாமல் என்ன செய்தும் பிரயோசனம் இல்லை. செய்தால் என் கிணறும் ஊறும், உங்கள் போரும் நிற்காமல் இருக்கும்.

உங்களுக்கும் லாபம் என்பதால்தான் கேட்கிறேன். என் லாபத்துக்காக நீங்கள் எதுவும் செய்வீர்கள் என்று நினைக்க எனக்கு இன்னும் புத்தி பிசகவில்லை.

நான் கேட்ட ஒரு வரி இன்னும் வரவில்லை.

அக்கா

*

ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்கா,

நல்ல செய்தி. இவர் ஒத்துக்கொண்டுவிட்டார். ஒத்துக்கொண்டது மட்டுமில்லை, செய்தே முடித்துவிட்டார். நீதான் பார்த்திருப்பாயே, சுவரைத் துளைத்துப் பெரிய குழாயாகப் போட்டிருக்கிறார். மழைநீர் சேகரிப்பு என்று செய்தித்தாளிலும் போட்டிருந்தார்கள், இவர் கிணற்றடியில் நிற்கும் படத்தோடு. வெட்டி வைத்திருக்கிறேன். நீயும் பின்னால் இருக்கிறாய், பாதி முகத்தை வாளி மறைத்துவிட்டது. குடியிருப்பில் எல்லாரும் வந்து பாராட்டினார்கள். உன் கோபம் இனியாவது தீரட்டும்.

அந்தக் குழிகள் எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரண்டு லாரி நிறுத்தும் இடம் போய்விடுமாம். அதற்குப் பதிலாகக் குழாய் வாயில் நல்ல இரும்பு வலை போட்டிருக்கிறார், இலை தழை எதுவும் உள்ளே வராது. கூரைத் தண்ணீர் மட்டும் எதற்கு, தரை இன்னும் பெரியதாயிற்றே, அவ்வளவு தண்ணீரும் அக்காவுக்கே போகட்டும் என்று தரைச் சரிவையே குழாய்ப் பக்கம் திருப்பிவிட்டார். இவர் எதைச் செய்தாலும் தாராளமாகத்தான் செய்வார். மோட்டார் விஷயத்தை மட்டும் இப்போது பேசாதே, கோடை முழுக்க வேலை நெருக்கடியில் இருந்தார்.

அந்த வரியைப் பற்றி. அக்கா, அதை எழுதி உனக்கு என்ன ஆகப்போகிறது? போனவர் வருவாரா?

உன் தங்கை

*

அக்டோபர் 6

தாராளமானவரின் மனைவிக்கு,

நேற்று மத்தியானம் மழை பெய்தது.

நான் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். குழாயிலிருந்து கிணற்றுக்குள் தண்ணீர் விழும் சத்தம். கோடையிலிருந்து அந்தக் கிணற்றில் எனக்கு வேறு ஒரு சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது, அதாவது ஒன்றுமே கேட்காமல் இருந்தது. உன் கிட்ட மறைப்பானேன், மாப்பிள்ளையை மனதுக்குள் திட்டுவதை அப்போது நிறுத்தினேன். இவ்வளவு திட்டியிருக்கவேண்டாமோ என்றுகூட நினைத்தேன். கொஞ்ச நேரம்தான்.

மழை விட்டதும் வாளியை இறக்கினேன். வந்த தண்ணீரில் கலர் கலராக மினுமினுப்பு. மருத்துவமனைத் தலையணை உறை ஒன்றை அதில் நனைத்துப் பிழிந்து வெயிலில் போட்டேன். எனக்கு இந்த ஒரு வேலைதான் தெரியும், அதனால் இதில் என்னை ஏமாற்ற முடியாது. காய்ந்ததும் உறையின் நடுவே பழுப்பாக வட்டம். மூக்கருகே வைத்தால் டீசல். சோப்பு மணமும் இருந்தது, துணிக்குப் போடும் சோப்பு இல்லை, லாரி கழுவும் சோப்பு.

இன்று காலை மழையே இல்லை. ஆனாலும் குழாயில் தண்ணீர் விழுந்தது. ஏணி வைத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். லாரிகளை வரிசையாக நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நுரை சரிவில் ஓடி உங்கள் நல்ல இரும்பு வலை வழியாக, ஒரு இலைகூட இல்லாமல், சுத்தமாக என் கிணற்றுக்குள் போனது. கழுவுகிறவரிடம் கேட்டேன். "போன வாரம் வரைக்கும் தெருவுல விட்டோம்க்கா, எல்லாரும் சண்டைக்கு வந்தாங்க. இப்போ வசதியாப் போச்சு" என்றார்.

இதுதான் விஷயம். மாப்பிள்ளைக்கு ஒரு சாக்கடை வேண்டியிருந்தது. உன் அத்தான் உயிரைவிட்ட இடம் அதற்குத் தோதாக, பக்கத்திலேயே, ஆழமாகவும் இருந்தது. அதையும் தர்மம் என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார். திருடுகிறவன்கூட இருட்டில் முகத்தை மூடிக்கொண்டுதான் வருவான். இவர் ரிப்பன் கட்டி வெட்டிவிட்டு வருகிறார்.

நான் கேட்டது கூரைத் தண்ணீர். கொடுத்தது தரைத் தண்ணீர். அந்த அம்மாள் இரண்டு தடவை சொன்னார் என்று உனக்கு எழுதினேனே, நீ படித்தாயா, இல்லை, அட்டையில் பூ இல்லை என்று தூக்கிப் போட்டாயா? குழாய் வாயில் பழைய கம்பளியைச் சுருட்டி அடைத்துவிட்டேன். நாளைக்கு உங்கள் லாரி நிற்கும் இடத்தில் நுரை முட்டிவரை நிற்கும். மாப்பிள்ளை குளித்துக்கொள்ளட்டும்.

அக்கா

*

அக்டோபர் 19

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். முந்தாநாளிலிருந்து இங்கே குழாய்த் தண்ணீர் நாறுகிறது. முதலில் எங்கள் குளியலறையில் மட்டும் என்று நினைத்தேன். கீழ் வீட்டு அம்மா பாத்திரத்தோடு வந்து நின்றுவிட்டார். பிறகு ஒவ்வொரு மாடியாக வந்தார்கள். சின்னவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள், முடியெல்லாம் பிசுபிசுப்பு, பெட்ரோல் பங்க் மணம். டாக்டரிடம் கூட்டிப்போய் வந்தோம், கண் எரிச்சல்.

இவர் லாரி யார்டுக்குப் போய்ப் பார்த்தார். போரிலிருந்தே அப்படித்தான் வருகிறதாம். உன் கிணற்றில் இருக்கும் அழுக்கு ஊறி எங்கள் போருக்கு வந்துவிட்டது என்கிறார். நீ வேண்டுமென்றே மண்ணெண்ணெய் ஊற்றியிருப்பாய் என்றுகூடச் சொன்னார். நான் நம்பவில்லை, அப்படிச் செய்கிறவள் இல்லை என் அக்கா என்று சண்டை போட்டேன்.

இப்போது ஒரே வழி, கிணற்றை நிரப்பிவிடுவது. கட்டட இடிசல் லாரியில் வரும். வியாழக்கிழமை ஹாரன் கொண்டுவருவார். நீ கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இரு, பார்க்கவேண்டாம். சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். அக்கா, இது எங்கள் தொழில், பிள்ளைகளின் படிப்பு எல்லாம். தயவுசெய்து மறுக்காதே.

தங்கை

*

அக்டோபர் 24

தங்கச்சிக்கு,

முதலில் சின்னவளின் கண் எப்படி இருக்கிறது என்று எழுது. தலைக்குச் சீயக்காய் வேண்டாம், கடலைமாவு போடு, எண்ணெய்ப் பிசுக்கை அதுதான் எடுக்கும். குழந்தை என்ன செய்தாள் பாவம், அவள் அப்பா அனுப்பியதில்தான் குளித்தாள்.

வியாழக்கிழமை ஹாரன் இடிசல் லாரியோடு வந்தார். நான் இஸ்திரி மேசையை இழுத்துக் கிணற்றுச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தேன்.

"மொதலாளி கொட்டச் சொன்னாருக்கா" என்றார்.

"கொட்டுங்க."

"கொஞ்சம் தள்ளிக்குங்க."

"எந்தப் பக்கம் தள்ள? உள்பக்கமா, வெளிப்பக்கமா? எங்க வீட்டுக்காரர் உள்பக்கம் போனாரு."

அவர் லாரிச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். லாரி அன்று முழுக்க யார்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது, உங்கள் தண்ணீர் லாரி ஒன்றும் வெளியே போக முடியவில்லை. இவ்வளவு நேரம் டீ குடிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். அதை மூன்று முறை படித்தேன். என் கிணற்று அழுக்கு ஊறி உங்கள் போருக்கு வந்துவிட்டதா? நிதானமாக யோசி. கிணறு வேறு, போர் வேறு, சம்பந்தமே கிடையாது என்று எனக்கு எழுதினாய். சம்பந்தம் இல்லை என்றால் டீசல் எப்படி வந்தது? சுவரேறிக் குதித்ததா? என் கிணற்றிலிருந்து உங்கள் போருக்கு அழுக்கு வரும் என்றால் தண்ணீரும் வரும். கோடை முழுக்க வந்தது அதுதான். வழி இல்லை என்று ஜூன் மாதம் சொன்னவர் அக்டோபரில் அந்த வழியைத் தானே காட்டிக்கொடுக்கிறார். நல்ல தண்ணீர் போனபோது வழி இல்லை. தன் அழுக்கு தன்னிடம் திரும்பியதும் வழி வந்துவிட்டது. என்ன மூளை. இவரைப் படித்தவர் என்று சொல்லித்தான் அப்பா உனக்குக் கட்டிவைத்தார்.

நான் அலுவலகத்து அம்மாளிடம் போய்ச் சொல்லிவிட்டேன். யார் வீட்டுப் போர் என்று கேட்டார், என் தங்கச்சி வீட்டுப் போர் என்றேன். சோதித்துப் பார்க்க இரண்டு இடத்திலும் தண்ணீர் பிடித்துப் போயிருக்கிறார்கள். போரை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். உங்கள் தொழில் என்று எழுதினாய். எனக்கும் ஒரு தொழில் இருந்தது. தொழிலோடு கூட நின்ற ஆளும் இருந்தார்.

கிணற்றை நிரப்ப விடமாட்டேன். மூடிவிட்டால் உள்ளே போன அழுக்கு எப்போதும் உள்ளேயேதான் இருக்கும். இறைக்கவேண்டும்.

அக்கா

*

நவம்பர் 11

அக்கா,

சின்னவளுக்குச் சரியாகிவிட்டது. கடலைமாவுதான் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புக் கூட்டம். எல்லாரும் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இவர் எழுந்து, தப்பு எங்கள் மேல் இல்லை, பக்கத்துக் கிணறு கெட்டுப்போய் அதிலிருந்து வந்துவிட்டது என்றார். இரண்டாவது மாடியில் இருக்கும் ரிட்டையர்டு வாத்தியார், "அது வேற கிணறு, உங்களுது போராச்சே, எப்படிங்க வரும்?" என்று கேட்டார். "பக்கத்துல பக்கத்துல இருக்கு சார், அடியில ஒரே தண்ணிதான், இது எல்லாருக்கும் தெரியுமே" என்றார் இவர். சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டு சொன்னார்.

எல்லாருக்கும் தெரியுமாம். நான் மேலே வந்துவிட்டேன்.

அக்கா, எனக்கும் தெரியாமல் இல்லை. எழுதிவிட்டால் பிறகு இந்த வீட்டில் இவரோடு எப்படிச் சாப்பிட உட்காருவேன் என்று பயம். இப்போதும் இருக்கிறது. இவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

எங்கள் போர்தான் உன் கிணற்றை வற்றவைத்தது. அதனால்தான் அத்தான் இறங்கினார்.

நான் வரட்டுமா?

தங்கை

*

நவம்பர் 14

தங்கச்சிக்கு,

நீ எழுதிய வரி வந்தது. ஜூனில் கேட்டது நவம்பரில் வருகிறது. உங்கள் வீட்டில் லாரி மட்டும்தான் வேகம்.

இதைப் படித்துவிட்டால் மனது ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து ஒருமுறை படித்தேன், மடித்தேன், வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. உன் அத்தான் இருந்தால், "விடு, சின்னவதானே" என்பார். உன்னை எப்போதும் அப்படித்தான் காப்பாற்றினார். விடு என்று சொல்ல அவர் இல்லாததால்தான் இத்தனை மாதம் நான் விடாமல் இருந்தேன்.

இங்கே அலுவலகத்து ஆட்கள் வந்து கிணற்றை இறைக்கிறார்கள். உறிஞ்சிய தண்ணீரைத் தனி லாரியில் கொண்டுபோகிறார்கள். அடிச் சேற்றை இயந்திரத்தில் தொட்டி கட்டி இறக்கி வாருகிறார்கள். ஒரு ஆள், நான் இறங்கி ஒரு நாளில் வாரிவிடுகிறேன் என்று சட்டையைக் கழற்றினார். வாசல் பெருக்கும் வாரியலை எடுத்துக்கொண்டு துரத்தினேன். அலுவலகத்து உத்தரவில் மைதானத்தில் பாதி சிமெண்டைப் பெயர்த்தாயிற்று. மாப்பிள்ளை குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார், என்னைப் பார்த்ததும் போனில் பேச ஆரம்பித்துவிட்டார். போன் அணைந்திருந்தது, எனக்கே தெரிந்தது. கீழிருந்த மண் செங்கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. நேற்று பெய்த தூறலைக் குடிக்கத் தெரியாமல் மேலேயே வைத்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் பார்த்தேன், கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

வாசனை போக எத்தனை மழை வேண்டும் என்று அந்த அம்மாளைக் கேட்டேன். பல மழை வேண்டும், அதற்குப் பிறகும் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஒரு ஆளையாவது இந்த வருஷம் பார்த்தேன்.

வரட்டுமா என்று கேட்டாய். லாரியில் வராதே. பஸ்ஸில் வா, கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வா. வந்தவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க என் வீட்டில் இப்போது வழி இல்லை. நீ குடிப்பதற்கு நீயே கொண்டு வா. எனக்கும் சேர்த்துக் கொண்டு வா.

அக்கா